மின்சாரச் சரக்கு வேன்: தொலைவு, மின்னேற்றம், பயன்பாடு – ஒரு வரலாறு

மின்சாரச் சரக்கு வேன் என்பது பேட்டரியில் சேமித்து வைத்த மின்சாரத்தால் மோட்டாரை இயக்கி, பொருள்களை ஏற்றிச் செல்லும் வண்டியாகும். கடைகளுக்குச் சரக்கு இறக்குவது, வீடுகளுக்குப் பார்சல் கொடுப்பது, பால், ரொட்டி, தபால் போன்றவற்றைத் தெருத் தெருவாகக் கொண்டு சேர்ப்பது ஆகியவை இதன் வழக்கமான வேலைகள். இதை அண்மைக் காலக் கண்டுபிடிப்பு என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் பெட்ரோல் வண்டி தெருவுக்கு வந்த அதே காலத்தில் மின்சார வண்டியும் வந்துவிட்டது. சில நகரங்களில், சில தொழில்களில், அது பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஓடியும் இருக்கிறது.

இவ்வண்டியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் மூன்று கேள்விகள் வரும். ஒரு முறை மின்னேற்றினால் எவ்வளவு தூரம் ஓடும்? எங்கே, எவ்வளவு நேரம் மின்னேற்றுவது? வாங்கினால் தொழிலுக்குக் கட்டுப்படியாகுமா? இவை 1900ஆம் ஆண்டிலும் கேட்கப்பட்டன, இன்றும் கேட்கப்படுகின்றன. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளில் இக்கேள்விகளுக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளை இக்கட்டுரை தொகுத்துக் கூறுகிறது.

தொடக்கக் காலம்

மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய ஈய-அமில பேட்டரியைப் பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்தோன் பிளாந்தே 1859இல் உருவாக்கினார். 1881இல் அதே நாட்டைச் சேர்ந்த கமீல் ஃபோர், ஈயத் தகடுகளின் மீது ஈய ஆக்சைடு பசையைப் பூசும் முறையைக் கண்டறிந்தார். இதனால் பேட்டரியில் சேமிக்கும் மின்சாரத்தின் அளவு கூடியது. தொழிற்சாலையில் செய்வதும் எளிதாயிற்று. மின்சார வண்டிக்கு வழி திறந்தது இதன் பிறகுதான்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஹென்றி மோரிஸ், பெட்ரோ சலோம் என்ற இருவர் 1894இல் 'எலெக்ட்ரோபேட்' என்ற மின்சார வண்டியை ஓட்டிக் காட்டினார்கள். இவர்களின் முயற்சியிலிருந்து 1897இல் நியூயார்க் நகரில் மின்சார வாடகை வண்டிகள் ஓடத் தொடங்கின. பேட்டரி தீர்ந்த வண்டி நிலையத்துக்குத் திரும்பும். அங்கே தீர்ந்த பேட்டரித் தட்டை இயந்திரத்தின் உதவியால் வெளியே இழுத்துவிட்டு, மின்னேற்றித் தயாராக வைத்திருக்கும் வேறொன்றை உள்ளே தள்ளுவார்கள். சில நிமிடங்களில் வண்டி மறுபடியும் கிளம்பிவிடும். இன்று 'பேட்டரி மாற்று முறை' என்று புதிதாகப் பேசப்படுவது 19ஆம் நூற்றாண்டு முடிவதற்கு முன்பே நடைமுறையில் இருந்தது.

1900ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட மோட்டார் வண்டிகள் மொத்தம் 4,192. அவற்றில் நீராவி வண்டிகள் 1,681. மின்சார வண்டிகள் 1,575. பெட்ரோல் வண்டிகள் 936. அந்த ஆண்டில் எது வெல்லும் என்று யாராலும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

குதிரைக்கு மாற்று

மின்சாரச் சரக்கு வண்டி முதலில் போட்டியிட்டது பெட்ரோல் லாரியோடு அல்ல, குதிரை வண்டியோடுதான். அக்காலத்தில் நகரத்துக் கடைகள், மதுபானத் தொழிற்சாலைகள், ரொட்டிக் கடைகள், சலவை நிலையங்கள் எல்லாம் குதிரை வண்டிகளையே நம்பியிருந்தன. குதிரைக்குத் தீவனம் வேண்டும், லாயம் வேண்டும், ஓய்வு வேண்டும். ஒரு குதிரை ஒரு நாளில் இழுக்கக்கூடிய தூரத்துக்கும் எல்லை உண்டு.

மின்சார வண்டி இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்தியது. இதற்குக் காரணங்கள் நான்கு.

முதலாவது, வீட்டுக்கு வீடு நின்று போகும் வேலை. பெட்ரோல் இயந்திரத்தை ஒவ்வொரு முறையும் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்ப வேண்டும். அல்லது நிற்கும் நேரத்திலும் வீணாக ஓடவிட வேண்டும். மின்சார மோட்டார் வண்டி நிற்கும்போது எதையும் செலவழிப்பதில்லை. இரண்டாவது, ஓட்டும் எளிமை. நேற்று வரை குதிரை ஓட்டியவர் சில நாள் பயிற்சியிலேயே மின்சார வண்டியை ஓட்டிவிடலாம். மூன்றாவது, நகரும் பாகங்கள் குறைவு என்பதால் பழுதும் குறைவு. நான்காவது, ஒரே தடம். காலையில் ஓரிடத்திலிருந்து கிளம்பி, தெரிந்த தெருக்களைச் சுற்றி, மாலையில் அதே இடத்துக்குத் திரும்பும் வண்டிக்கு வழியில் மின்னேற்றும் நிலையம் தேவைப்படுவதில்லை.

1910களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மின்பொறியியல் துறை, குதிரை வண்டி, மின்சார வண்டி, பெட்ரோல் வண்டி மூன்றின் செலவையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஏற்ற வேலை தனித்தனியே உண்டு என்ற கருத்து அக்கால ஆய்வுகளில் வலுவாக இருந்தது. மிகக் குறுகிய தூரத்துக்குக் குதிரை, அடிக்கடி நிற்கும் நகரச் சுற்றுக்கு மின்சாரம், நெடுந்தூரத்துக்குப் பெட்ரோல் என்பது அந்தப் பங்கீடு.

இந்தக் காலத்துச் சரக்கு வண்டிகளுள் பெயர் பெற்றது சிகாகோவின் வாக்கர் நிறுவனம் செய்தது. 1907 முதல் 1942 வரை இந்நிறுவனத்தின் மின்சார வண்டிகள் விற்பனையில் இருந்தன.

எடையும் தொலைவும்: ஒரு கணக்கு

தொலைவு என்ற முதல் கேள்வியின் அடிப்படை எடைதான். மாணவர்கள் இதை ஓர் எளிய கணக்கால் புரிந்துகொள்ளலாம்.

மின்சாரத்தை அளக்கும் கிலோவாட் மணியைத்தான் நாம் வீட்டு மின் கட்டணத்தில் 'யூனிட்' என்கிறோம். ஒரு சிறிய சரக்கு வேன் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குத் தோராயமாகக் கால் யூனிட் தேவை என்று வைத்துக்கொள்வோம். 80 கிலோமீட்டர் ஓட 20 யூனிட் வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள ஈய-அமில பேட்டரி ஏறத்தாழ 30 வாட் மணி, அதாவது ஒரு யூனிட்டில் நூறில் மூன்று பங்கு, சேமிக்கும். ஆகவே 20 யூனிட்டுக்கு 650 கிலோவுக்கு மேல் பேட்டரி தேவை. வண்டி தன் சரக்கைச் சுமக்கும் முன்பே ஒரு காளை மாட்டின் எடையைவிட அதிகமாகச் சுமக்க வேண்டியிருந்தது.

ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியுள்ள வெப்ப ஆற்றல் ஏறக்குறைய 9 யூனிட். இயந்திரம் அதில் கால் பங்கு அளவையே சக்கரத்துக்குக் கொடுத்தாலும், ஒரு லிட்டரின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவுதானே! தூரத்தில் பெட்ரோல் வண்டிக்குக் கிடைத்த சாதகம் இங்கிருந்து வந்தது. மின்சார வண்டியின் தூரத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் பேட்டரியை இரட்டிப்பாக்க வேண்டும். எடை கூடினால் அந்த எடையை இழுக்கவும் மின்சாரம் செலவாகும். சரக்குக்கான இடமும் குறையும்.

எடிசனின் முயற்சி

இந்தச் சிக்கலைத் தீர்க்க முனைந்தவர்களுள் தாமஸ் ஆல்வா எடிசனும் ஒருவர். ஈயமும் அமிலமும் இல்லாத, நிக்கலும் இரும்பும் கொண்ட பேட்டரியை அவர் உருவாக்கினார். சுவீடனில் வால்டெமர் யுங்னர் என்பவரும் ஏறத்தாழ அதே காலத்தில் இவ்வகையில் உழைத்துக்கொண்டிருந்தார்.

எடிசனின் முதல் பேட்டரிகள் 1900களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தன. அவற்றில் கசிவு ஏற்பட்டது. திறனும் விரைவில் குறைந்தது. எடிசன் விற்பனையை நிறுத்திவிட்டு மீண்டும் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினார். திருத்திய வடிவம் 1909-10 வாக்கில் சந்தைக்கு வந்தது. அது மிக உறுதியானது. முரட்டுத்தனமாகப் பயன்படுத்தினாலும் பல ஆண்டுகள் உழைத்தது. ஆனால் விலை அதிகம், கடுங்குளிரில் திறன் குறையும். சரக்கு வண்டி வைத்திருந்த சில நிறுவனங்கள் அதன் நீண்ட ஆயுளுக்காக வாங்கின. தனிப்பட்டவர்களுக்கு அந்த விலை எட்டவில்லை.

பேட்டரியின் ஆற்றல் உயர்ந்த அதே ஆண்டுகளில் பெட்ரோல் வண்டியும் வேகமாக முன்னேறிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். ஃபோர்டின் 'மாடல் டி' 1908இலேயே வந்துவிட்டது.

ஹார்ட்ஃபோர்டு நகரத் திட்டம்

மூன்று கேள்விகளுக்கும் ஒரே நேரத்தில் விடை காண முயன்ற திட்டம் ஒன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்ஃபோர்டு நகரில் நடந்தது. ஹார்ட்ஃபோர்டு மின்விளக்கு நிறுவனம் 1910களின் தொடக்கத்தில் இதைத் தொடங்கி 1924 வரை நடத்தியது.

திட்டம் இதுதான். வணிகர், பேட்டரி இல்லாத வண்டியை வாங்குவார். பேட்டரி மின் நிறுவனத்துக்குச் சொந்தம். வணிகர் மாதம் ஒரு நிலையான தொகையும், ஓடிய மைல் கணக்குக்கு ஏற்ப ஒரு தொகையும் கட்டுவார். பேட்டரி தீர்ந்தால் நிலையத்துக்கு வந்து மாற்றிக்கொண்டு போகலாம். இத்திட்டத்தின் கீழ் வண்டிகள் மொத்தம் 60 லட்சம் மைலுக்கு மேல் ஓடின.

பேட்டரி எப்போது பழுதாகும், புதிதாக வாங்க எவ்வளவு ஆகும் என்ற அச்சம்தான் வணிகர்களைத் தடுத்தது. அந்த அச்சத்தைப் பேட்டரியைப் பற்றி நன்கு அறிந்த நிறுவனமே ஏற்றுக்கொண்டது. மின் நிறுவனத்துக்கும் இதில் லாபம் இருந்தது. பகலில் ஆலைகளுக்கும் மாலையில் விளக்குகளுக்கும் மின்சாரம் விற்ற நிறுவனத்தின் இயந்திரங்கள் நள்ளிரவில் சும்மா இருந்தன. அந்த நேரத்தில் பேட்டரிகளுக்கு மின்னேற்றினால் கூடுதல் முதலீடு இல்லாமல் வருமானம் கிடைத்தது.

மின்னேற்றத்தில் இன்னொரு தடையும் அக்காலத்தில் இருந்தது. பேட்டரிக்கு நேர்மின்னோட்டம் வேண்டும். நகரங்களிலோ மாறுமின்னோட்டம் பரவிக்கொண்டிருந்தது. பீட்டர் கூப்பர் ஹெவிட் 1902இல் உருவாக்கிய பாதரச வில் மின்திருத்தி இதற்கு உதவியது. பெரிய கண்ணாடிக் குடுவைக்குள் நீல ஒளி வீசும் இக்கருவி மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கிக் கொடுத்தது.

ஏன் பின்தங்கியது?

இவ்வளவு இருந்தும் 1920களில் மின்சாரச் சரக்கு வண்டி அமெரிக்காவில் ஓரங்கட்டப்பட்டது. இதற்குப் பேட்டரியை மட்டும் காரணமாகச் சொல்வது முழு உண்மை ஆகாது.

கைப்பிடி சுழற்றும் தொல்லையைச் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் நீக்கியது. அது 1912ஆம் ஆண்டுக்கான காடிலாக் கார்களில் வந்தது. சிறிய பேட்டரி ஒன்று பெட்ரோல் வண்டிக்குள் நுழைந்து, பெரிய பேட்டரி வண்டியின் முக்கியச் சிறப்பைப் பறித்துக்கொண்டது. முதல் உலகப் போரில் பெட்ரோல் லாரிகள் பெரும் எண்ணிக்கையில் செய்யப்பட்டன. அவற்றை ஓட்டவும் பழுது பார்க்கவும் பல்லாயிரம் பேர் பழகினார்கள். ஊருக்கு வெளியே நல்ல சாலைகள் பெருகின. நகரங்கள் விரிந்து, கடையின் வாடிக்கையாளர்கள் புறநகருக்குக் குடிபோனார்கள்.

இவற்றோடு வணிகரின் மனநிலையும் சேர்ந்தது. ஒரு நாளில் 30 மைல் சுற்றும் வேலைக்கு மின்சார வண்டியே மலிவு. ஆனால் என்றாவது ஒரு நாள் 70 மைல் போக வேண்டி வந்தால்? அந்த ஒரு நாளுக்காக எல்லா நாளுக்கும் பெட்ரோல் வண்டி வாங்கப்பட்டது. இரண்டு வகை வண்டி வைத்துக்கொள்வதைவிட எல்லாம் செய்யும் ஒரே வகை போதும் என்ற முடிவு பெரிய நிறுவனங்களில் மெல்ல மெல்ல நிலைத்தது.

பிரிட்டனின் பால் வண்டி

மின்சார வேன் மறைந்துவிட்டது என்று அமெரிக்கா நினைத்த காலத்தில், பிரிட்டன் அதைத் தன் அன்றாட வாழ்வில் இணைத்துக்கொண்டது. லண்டனின் புகழ்பெற்ற ஹாரட்ஸ் பல்பொருள் அங்காடி, முதல் உலகப் போருக்குப் பின் வாக்கர் வண்டிகளை வரவழைத்துப் பயன்படுத்தியது. பிறகு 1936-39 ஆண்டுகளில் தன் சொந்தப் பட்டறையிலேயே 60 மின்சார வேன்களைச் செய்துகொண்டது.

ஆனால் மின்சார வண்டியின் உண்மையான வெற்றி பால் விநியோகத்தில் நிகழ்ந்தது. பிரிட்டனில் விடியற்காலையில் வீட்டு வாசலில் கண்ணாடிப் புட்டியில் பால் வைத்துவிட்டு, காலிப் புட்டியை எடுத்துச் செல்லும் வழக்கம் இருந்தது. முன்பு குதிரை வண்டி செய்த இந்த வேலையை 1930களிலிருந்து மின்சார வண்டி ஏற்றது. மோரிசன்-எலெக்ட்ரிகார், ஸ்மித்ஸ், வேல்ஸ் அண்ட் எட்வர்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் இவ்வண்டிகளைச் செய்தன.

அவ்வண்டியின் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் அளவுதான். கதவுகூட இல்லாத ஓட்டுநர் இருக்கை, மேலே கூரை, பின்னால் திறந்த தட்டுகளில் புட்டிகள். பால்காரர் இறங்கி ஏறுவதற்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான வாசல்களில் நின்று நின்று போகும் வண்டிக்கு வேகம் எதற்கு? ஊர் உறங்கும் நேரத்தில் சத்தமில்லாமல் போவதே பெரிய தகுதி. காலைச் சுற்று முடிந்து திரும்பியதும் வண்டியை மின்னேற்றியில் இணைத்துவிடுவார்கள். அடுத்த விடியலுக்குள் பேட்டரி நிறைந்துவிடும். பல வண்டிகள் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தன.

1939இல் தொடங்கி 1950 வரை நீடித்த பெட்ரோல் பங்கீட்டு முறையும் மின்சார வண்டிக்குச் சாதகமாயிற்று. 1967இல் பிரிட்டனின் மின்சார வண்டிகள் சங்கம், உலகின் பிற நாடுகள் அனைத்திலும் உள்ளவற்றைவிட அதிகமான பேட்டரி வண்டிகள் பிரிட்டன் சாலைகளில் இருப்பதாக அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை பால் வண்டிகள்.

இந்த வண்டியின் வீழ்ச்சி நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. வீடுகளில் குளிர்பதனப் பெட்டி வந்தது; பேரங்காடிகளில் பிளாஸ்டிக் குடுவையில் மலிவாகப் பால் கிடைத்தது. 1970களின் நடுவில் பிரிட்டனில் விற்ற பாலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கண்ணாடிப் புட்டியில் இருந்தது; 2012இல் அது 4 விழுக்காடாகச் சுருங்கியது. முன்பு ஒரு தெருவில் எல்லா வீட்டுக்கும் பால் கொடுத்தவர், இப்போது தெருவுக்கு இரண்டு வீடு என்று ஊர் முழுவதும் சுற்ற வேண்டியதாயிற்று. அதே எண்ணிக்கைப் புட்டிகளுக்குச் சுற்றுப்பாதை நீண்டது. பழைய வண்டியால் அந்தத் தூரம் போக முடியவில்லை. பல இடங்களில் டீசல் வேன் வந்தது. பேட்டரி முன்பிருந்த அளவே ஓடியது. மாறியது மக்களின் பழக்கம். தொலைவு என்பது வண்டியின் குணம் மட்டுமல்ல, வேலையின் குணமும் ஆகும்.

லித்தியம் வந்த பின்

லித்தியம்-அயனி பேட்டரி 1991இல் சோனி நிறுவனத்தால் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவரப்பட்டது. இதற்கு அடித்தளமிட்ட ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். வண்டிகளில் பொருத்தும் லித்தியம் பேட்டரித் தொகுதி ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 150 வாட் மணி சேமிக்கும். மேலே போட்ட கணக்கில் 650 கிலோவுக்கு மேல் வேண்டியிருந்த 20 யூனிட், இதில் சுமார் 135 கிலோவில் அடங்கிவிடுகிறது.

பிரான்சின் ரெனோ நிறுவனம் 2011இல் காங்கூ மின்சார வேனை வெளியிட்டது. அதன் பேட்டரி 22 யூனிட். வண்டியை விலைக்கு வாங்கி, பேட்டரிக்கு மட்டும் மாத வாடகை கட்டும் முறை அதில் இருந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் ஹார்ட்ஃபோர்டில் கண்ட வழியே இது. நிசான் நிறுவனம் 2014இல் இ-என்வி200 என்ற வேனை 24 யூனிட் பேட்டரியுடன் கொண்டுவந்தது. 2018இல் அது 40 யூனிட்டாக உயர்ந்தது. ஃபோர்டின் பெரிய இ-டிரான்சிட் வேன் 2022இல் 68 யூனிட் பேட்டரியுடன் வந்தது. அமேசான் நிறுவனம் 2019இல் ரிவியன் நிறுவனத்திடம் ஒரு லட்சம் மின்சார விநியோக வேன்களுக்கு ஆணை கொடுத்தது.

எல்லா முயற்சியும் நிலைக்கவில்லை. பிரிட்டனின் கோவென்ட்ரியில் மின்சார வேன்களைச் செய்த மோடெக் நிறுவனம் 2007இல் உற்பத்தி தொடங்கி 2011இல் நொடித்துப்போனது.

ஜெர்மனியின் அனுபவம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குந்தர் ஷூ, ஆகிம் காம்ப்கர் ஆகியோரின் முயற்சியில் 2010இல் ஸ்ட்ரீட்ஸ்கூட்டர் நிறுவனம் தோன்றியது. ஜெர்மன் அஞ்சல் நிறுவனம் 2014இல் அதையே வாங்கிவிட்டது. தொடக்கக் கால வண்டியின் பேட்டரி 20 யூனிட் அளவு. தூரம் சுமார் 80 கிலோமீட்டர். உச்ச வேகமும் மணிக்கு 80 கிலோமீட்டர் அளவே. கார் நிறுவனங்களின் கண்ணுக்கு இது எளிய வண்டி. ஆனால் அஞ்சல்காரரின் நாள் எப்படிப் போகிறது என்பதை வைத்தே அது வடிவமைக்கப்பட்டது. எத்தனை முறை இறங்குகிறார், எந்த உயரத்தில் பார்சலை எடுக்கிறார், ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் போகிறார் என்று கணக்கிட்டு, அதற்குப் போதுமான பேட்டரியை மட்டும் வைத்தார்கள். பிற்காலத்தில் நிறுவனம் கைமாறினாலும், ஆயிரக்கணக்கான மஞ்சள் நிற வண்டிகள் அஞ்சல் வேலையில் ஓடின. 2018இல் பிரிட்டனின் பால் விநியோக நிறுவனமான மில்க் அண்ட் மோர், இதே ஸ்ட்ரீட்ஸ்கூட்டரிடமிருந்து 200 வண்டிகளை வாங்க முன்வந்தது. தூரம் போதாமல் விலகிய மின்சாரப் பால் வண்டி, நீண்ட சுற்றுக்குத் தகுந்த பேட்டரியோடு அதே தெருக்களுக்குத் திரும்பியது.

அறிவித்த தூரமும் கிடைக்கும் தூரமும்

வண்டியின் விளம்பரத்தில் உள்ள தூரம் சோதனைக்கூடத்தில் அளந்தது. அளக்கும் முறை மாறினால் எண்ணும் மாறும். 40 யூனிட் பேட்டரி கொண்ட நிசான் வேனுக்கு ஐரோப்பாவின் பழைய சோதனை முறையில் 280 கிலோமீட்டர் என்று அறிவிக்கப்பட்டது. 2017 முதல் நடைமுறைக்கு வந்த புதிய, கடுமையான முறையில் அதே வண்டிக்குக் கிடைத்தது 200 கிலோமீட்டர். வண்டியில் ஒரு திருகாணிகூட மாறவில்லை.

தெருவில் கிடைக்கும் தூரத்தைக் குறைப்பவை பல. நெடுஞ்சாலை வேகம் முதன்மையானது. வேகம் கூடக் காற்றின் எதிர்ப்பு மிக விரைவாக உயரும். உயரமான, பெட்டி போன்ற வேனுக்கு இந்த இழப்பு காரைவிட அதிகம். குளிர் நாடுகளில் பேட்டரியின் திறன் குறைவதோடு, ஓட்டுநர் அறையைச் சூடாக்கவும் மின்சாரம் செலவாகும். வெப்ப நாடுகளில் குளிர்சாதனம் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஆண்டுகள் செல்லச் செல்லப் பேட்டரியின் கொள்ளளவும் குறையும். நகரத்தில் நின்று நின்று ஓடும்போது மட்டும் ஒரு நன்மை உண்டு: பிரேக் பிடிக்கையில் மோட்டார் மின்னாக்கியாகச் செயல்பட்டு, ஆற்றலின் ஒரு பகுதியைப் பேட்டரிக்கே திருப்பித் தருகிறது.

மின்னேற்றக் கணக்கு

40 யூனிட் பேட்டரியை 7 கிலோவாட் மின்னேற்றியில் நிரப்ப ஆறு முதல் ஏழு மணி நேரம் ஆகும். 3 கிலோவாட் தரும் சாதாரண இணைப்பில் இதற்கு 13 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். விரைவு மின்னேற்றிகள் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பகுதியை நிரப்பிவிடும். ஆனால் 80 விழுக்காட்டுக்கு மேல் பேட்டரியைக் காக்கும் பொருட்டு வேகம் குறைக்கப்படுவதால், கடைசிப் பகுதிக்கு நேரம் கூடும்.

20 வேன்கள் உள்ள ஒரு சரக்கு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். எல்லா வண்டிகளையும் மாலை ஆறு மணிக்கு ஒரே நேரத்தில் 7 கிலோவாட் மின்னேற்றியில் இணைத்தால் 140 கிலோவாட் தேவை. அந்த அளவு மின் இணைப்பு பெறுவது பெரும் செலவு. ஆனால் ஒவ்வொரு வண்டியும் பகலில் 20 யூனிட் செலவழித்திருந்தால், இரவில் மொத்தம் வேண்டியது 400 யூனிட்தான். எட்டு மணி நேரத்தில் முறை வைத்து ஏற்றினால் 50 கிலோவாட் இணைப்பே போதும். வண்டி வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவர் வீண் செலவைத் தவிர்ப்பார்.

இந்தியச் சூழல்

இந்தியாவில் இந்த வரலாறு இப்போதுதான் வேகம் பிடிக்கிறது. தமிழ்நாட்டில் 'குட்டி யானை' என்று செல்லமாக அழைக்கப்படும் டாடா ஏஸ் வண்டியின் மின்சார வடிவம் 2022இல் அறிமுகமானது. அதன் பேட்டரி 21.3 யூனிட், சுமை 600 கிலோ, சான்றளிக்கப்பட்ட தூரம் 154 கிலோமீட்டர். மொத்தக் கடையிலிருந்து சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு போடும் ஒரு நாள் சுற்றுக்கு இந்தத் தூரம் பெரும்பாலும் போதுமானது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஹாரட்ஸ் அங்காடிக்கும் ஜெர்மன் அஞ்சலுக்கும் சொந்த நிலையம் உண்டு. இரவில் வண்டியை நிறுத்தி மின்னேற்றலாம். நம் நாட்டில் சிறு சரக்கு வண்டிகளில் பல, ஓட்டுபவருக்கே சொந்தமானவை. தவணைக் கடனில் வாங்கிய வண்டியை அவர் இரவில் தெருவோரத்தில் நிறுத்துகிறார். காலையில் எந்தச் சவாரி வரும் என்று அவருக்கே தெரியாது. நிலையான தடமும் இல்லை. நூறாண்டு வரலாற்றில் மின்சார வேனை வெற்றி பெறச் செய்த இரண்டு நிலைமைகளும், அதாவது தெரிந்த தடமும் இரவில் நிறுத்த ஓர் இடமும், அவரிடம் இல்லை. ஒரு முறை ஏற்றினால் எவ்வளவு ஓடும் என்று அவர் கேட்பது ஆர்வத்தால் அல்ல. பாதி வழியில் நின்றால் அன்றைய வருமானமும் தவணையும் போய்விடும் என்பதால்தான்.

இதற்குப் பழைய விடைகள் இன்னும் பயன்படக்கூடும். 2020 ஆகஸ்டில் ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், பேட்டரி இல்லாமலேயே மின்சார வண்டிகளை விற்கவும் பதிவு செய்யவும் இடமளிக்குமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளை மனத்தில் கொண்டு எடுத்த இந்த நடவடிக்கையின் அடிப்படை, பேட்டரியின் விலையையும் ஆபத்தையும் வண்டி உரிமையாளரின் தோளிலிருந்து இறக்குவதாகும். அங்காடி வளாகங்களிலும் லாரி நிறுத்தங்களிலும் பொது மின்னேற்றிகள் அமைந்தால், சரக்கு ஏற்றி இறக்கும் நேரமே மின்னேற்றும் நேரமாகிவிடும்.

தொகுப்புரை

மின்சாரச் சரக்கு வேன் வென்ற இடங்களையும் தோற்ற இடங்களையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று விளங்கும். மிகுந்த தூரம் ஓடியதால் அது எங்கும் வெல்லவில்லை. வேலை எவ்வளவு தூரம் என்று முதலில் அளந்து, அதற்கேற்ற பேட்டரியைத் தேர்ந்து, இரவில் நிறுத்த ஓரிடமும் பேட்டரியின் பொறுப்பை ஏற்க ஒருவரும் இருந்த இடங்களில் வென்றது. இவற்றுள் ஒன்று குறைந்த இடங்களில், பேட்டரி நன்றாக இருந்தும் தோற்றது.

வேதியியல் தன் பங்கைப் பெரும்பாலும் செய்து முடித்துவிட்டது. எஞ்சியிருப்பது ஏற்பாடு சார்ந்த வேலை. பெரிய நிறுவனங்கள் அதைத் தாங்களே செய்துகொள்ளும். ஒற்றை வண்டி வைத்துப் பிழைப்பவருக்கு அதை யார் செய்து தருவார்கள் என்பதைப் பொறுத்தே இந்த வண்டியின் அடுத்த அத்தியாயம் அமையும்.